நட்டின் மேல் மஞ்சள் புள்ளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான். என் அண்ணனுக்கு அது செத்த பிறகும் தணியவில்லை.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். நல்ல வெயில். பட்டறையில் ஒரு காரின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ரெக்கவரி வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. அதன்மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிய ஒரு வண்டி. தார்ப்பாய்க்குக் கீழே தெரிந்த பின்பம்பரைப் பார்த்ததுமே ஸ்பேனரைக் கீழே போட்டேன். அந்தப் பம்பரின் இடது மூலையில் இருக்கும் நெளிவு, பதினேழு வயதில் நான் வைத்தது.

அப்பா காலத்து பிக்கப். அண்ணன் ஓட்டிய வண்டி. அண்ணன் செத்த வண்டி.

டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டிலிருந்து அண்ணி இறங்கினாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். ஏதோ பஸ்ஸில் வந்து இறங்கியவள் போல அமைதியாக வந்தாள்.

"தம்பி, இதுக்குப் பெடல் புஷ் மாத்தணும்."

"இதை எதுக்கு அண்ணி இங்க கொண்டு வந்தீங்க? இரும்புக்குப் போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"போடல. பாப்பாவுக்கு வேணுமாம். நாளைக்குக் காலையில இதுலதான் செடியெல்லாம் ஏத்திட்டுப் போகப் போறா."

பாப்பா என் அண்ணன் மகள். இருபத்து நான்கு வயதாகிறது, இன்னும் பாப்பாதான். செடிகள் வளர்த்து வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிறாள்.

"நசுங்கின முன்பக்கம், எஞ்சின், டயர், பிரேக் ஆயில் எல்லாம் எங்க தெரு மெக்கானிக் பாத்துட்டார்" என்றாள் அண்ணி. "பெடல் மட்டும் முடியாதுன்னுட்டார்."

"ஏன், கை சுளுக்கிக்கிச்சா?"

"உள்ள படுத்தவர் அரை நிமிஷத்துல வெளிய வந்துட்டார். கடைசியா இதை யார் திறந்தாங்களோ அவங்ககிட்டயே கொண்டு போங்கம்மான்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டார். சாமானைக்கூட எடுத்து வைக்கல."

கடைசியாகத் திறந்தவன் நான்தான்.

எனக்கு வந்த எரிச்சலில் அந்த மெக்கானிக்கையும், அவனுடைய பரம்பரையையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து இவள் என் மடியில் விட்டுவிட்டாள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நாளைக்குப் பாப்பா ஓட்டப்போகிறாள். வேறு எவனாவது திறந்தால் உள்ளே எதைப் பார்ப்பான் என்பதும் எனக்குத் தெரியும்.

"விட்டுட்டுப் போங்க. சாயங்காலம் அனுப்பறேன்."

"இல்ல, முடியற வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்று பிளாஸ்டிக் நாற்காலியை வாசலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. அண்ணன் போட்ட சட்டம். ஒரு நட்டை முழுதாக முறுக்கி முடித்தால் அதன்மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாத வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. எனக்கு இருபது வயதில் ஒரு காரின் சக்கர நட்டை முறுக்க மறந்துவிட்டேன். ஒரே ஒரு தடவை. அதற்காகப் பதினைந்து வருஷம் என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"டேய், புள்ளி வச்சியா?"

சாப்பிடும்போது கேட்பான். வாடிக்கையாளர் எதிரில் கேட்பான். என் கல்யாணத்தன்று காரில் ஏறும்போதுகூடக் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால் நான் ஒரு வேலை செய்ய ஆரம்பித்தேன். புள்ளியை முதலில் வைத்துவிட்டு, பிறகு நட்டை முறுக்குவேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவான். ஏமாந்தான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவன் இந்த வண்டியோடு இறக்கத்தில் போய்ப் பாலத்துச் சுவரில் மோதினான். குடித்திருந்தான் என்று போலீஸில் எழுதினார்கள். சட்டையெல்லாம் அந்த நாற்றம். என்னைக் கேட்டபோது நானும் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அண்ணி எங்கேயும் தலைநிமிர்ந்து நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி 'குடிகாரன் பொண்ணு' என்று சொல்ல, பாப்பா அவள் மண்டையை உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்தவள், சுவரிலிருந்த அப்பா படத்தைக் கழற்றிப் பரணில் வீசினாள். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்று நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

வண்டியைப் பட்டறையின் கடைசியில், தகரக் கூரைக்குக் கீழே இறக்கி நிறுத்தினோம். கதவைத் திறந்தேன்.

ஸ்பிரிட் வாசனை.

பாகங்களைத் துடைக்க வைத்திருக்கும் ஸ்பிரிட். நிமிஷத்தில் காற்றில் பறந்துபோகிற சரக்கு அது. ஒன்பது வருஷம் எப்படி இருக்கும்? சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரல் சில்லென்று நனைந்தது.

வெளியே பார்த்தேன். அண்ணி செல்போனில் யாருக்கோ செடி விலை சொல்லிக்கொண்டிருந்தாள். விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

இந்த வேலைக்கு, சீட்டைக் கழற்றிவிட்டு, மல்லாந்து படுத்துத் தலையைப் பெடல்களுக்குக் கீழே கொடுக்க வேண்டும். கால் இரண்டும் கதவுக்கு வெளியே தொங்கும். மேலே ஒரே ஷாஃப்ட்டில் கிளட்ச் பெடலும் பிரேக் பெடலும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஷாஃப்ட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் இருக்கும் பித்தளை வளையம்தான் புஷ். அது தேய்ந்தால் பெடல் ஆடும். ஷாஃப்ட்டின் நுனியில் ஒரு நட்டு, அந்த நட்டு கழலாமல் இருக்க ஒரு பின். நட்டு போனால் ஷாஃப்ட் நழுவும். ஷாஃப்ட் நழுவினால் பிரேக் பெடல் சாய்ந்து கிளட்சுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிரயோஜனம் இல்லை.

டார்ச் அடித்தேன். ஷாஃப்ட் பாதி வெளியே நழுவிக் கிடந்தது. நுனியில் நட்டு இல்லை.

மிதியடியைத் தூக்கினேன். மூலையில் கிடந்தது. அதன் தலையில் மஞ்சள் புள்ளி, நேற்று வைத்தது போலப் பளிச்சென்று.

நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு நட்டுக்கு ஒன்பது வருஷமா? பாழாய்ப்போன இந்த ஒரு நட்டுக்கா?

பிரேக்குக்குப் போகும் தண்டைக் கழற்றினேன். ஸ்பிரிங்கை எடுத்தேன். ஷாஃப்ட்டை உருவி, பெடல்களை வெளியே எடுத்து, பழைய புஷ்களைத் தட்டி உள்ளங்கையில் போட்டுப் பார்த்தேன்.

டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்து மறுபடி பார்த்தேன்.

அவை அவன் செத்த அன்று நான் புதிதாகப் போட்ட புஷ்கள். போட்ட பிறகு வண்டி ஓடியது நாலு கிலோமீட்டர். அப்புறம் அண்ணி வீட்டுக் கொல்லையில் ஒன்பது வருஷம் சும்மா நின்றது. இப்போது அந்தப் பித்தளை காகிதம் மாதிரி தேய்ந்திருந்தது. ஒரு பக்கம் ஓட்டையே விழுந்திருந்தது. இருபது வருஷம் நகரத்துக்குள் ஓடிய வண்டியில்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை.

"அண்ணி" என்றேன். "இந்த வண்டியை யாராவது ஸ்டார்ட் பண்ணாங்களா? யாராவது பெடலை மிதிச்சாங்களா?"

"யாரு மிதிப்பா? சாவியே என்கிட்டதான் இருந்துச்சு." சற்று யோசித்தாள். "மத்தியானத்துல கொல்லைப்பக்கம் டக் டக்குன்னு சத்தம் கேக்கும். எலின்னு நினைச்சோம். மருந்துகூட வச்சோம்."

மணி இரண்டரை இருக்கும். வெயில் சட்டென்று போய், தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தது. பட்டறைக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டேன். எரிந்தது, அணைந்தது.

சீக்கிரம் முடித்துத் தொலைப்போம் என்று புதுப் புஷ்களை அடித்து இறக்கினேன். கிரீஸ் தடவினேன். பெடல்களை மாட்டி ஷாஃப்ட்டைச் செருகி, புது நட்டைப் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். இதற்குமேல் முறுக்கினால் மரை அறுந்துவிடும் என்கிற அளவுக்கு. பின்னை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால், நட்டில் புள்ளி.

நான் வைக்கவில்லை. பெயிண்ட் டப்பா மூடியோடு அலமாரியில் இருக்கிறது.

விரலால் தொட்டேன். ஈரம். தொட்ட வேகத்துக்கே நட்டு தானாகச் சுழன்றது, கழன்று என் நெற்றியில் விழுந்தது.

மறுபடி முறுக்கினேன். இந்த முறை கண்ணை எடுக்காமல், கையை மட்டும் நீட்டிப் பின்னைத் தேடினேன். ஒரு தடவை கண் சிமிட்டியிருப்பேன்.

புள்ளி.

நட்டு லூஸ்.

"என்னதான் வேணும் உனக்கு?" என்று கத்திவிட்டேன்.

"யார்கிட்ட தம்பி பேசறீங்க?" அண்ணியின் குரல் மழைக்கு நடுவில் வந்தது.

"ஒண்ணுமில்ல. நட்டு... நட்டுகிட்ட."

மூன்றாவது முறை முறுக்கினேன். கை வியர்வையில் வழுக்கியது. ஸ்பிரிட் வாசனை மூக்கை அடைத்தது. அப்போது என் காதோரத்தில், சீட்டு இருந்த இடத்திலிருந்து, யாரோ குனிவது போலத் தகடு கிரீச்சிட்டது.

"டேய்."

ஸ்பேனரை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"புள்ளி வச்சியா?"

பிரேக் பெடல் கீழே வந்தது.

என் இடது மணிக்கட்டு அதற்கும் முன்தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தண்டு கழற்றியிருக்கிறேன், ஸ்பிரிங் இல்லை. அந்தப் பெடல் ஒரு விரலால் தூக்கக்கூடிய சாதாரண இரும்பு. ஆனால் அதன்மேல் ஒரு முழு ஆளின் எடை இருந்தது. மேலே ஒன்றும் தெரியவில்லை. ரப்பர் மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது, ஒரு குதிகாலின் அளவுக்கு.

பெடல் லேசாக எழுந்தது. மறுபடி மிதித்தது.

எழுந்தது. மிதித்தது.

டக். டக். டக்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்காதவன் அப்படித்தான் மிதிப்பான். மிதிக்க மிதிக்க வேகம் கூடியது. எலும்பு நெரிந்தது. வலியில் கண் இருட்டியது. அந்த வலியிலும் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அவன்மேல், அந்தப் புள்ளிமேல், பதினைந்து வருஷம் என் முதுகில் இருந்த அவன் கண்மேல்.

"ஆமா!" என்று கத்தினேன். "முறுக்கல! புள்ளியை முதல்ல வச்சேன், நட்டை முறுக்கவே இல்ல! அன்னிக்குக் காலையில எல்லார் எதிர்லயும் என்னைத் திட்டினியே, அந்தக் கோவத்துல போட்டது போட்டபடி சாப்பிடப் போயிட்டேன்! நீ புள்ளியைப் பாத்துட்டு வண்டியை எடுத்த! நீ குடிக்கல! சீட்டுல ஸ்பிரிட் கேனை வச்சது நான்! அது உன்மேல கொட்டிச்சு! போதுமா? போதுமாடா?"

பெடல் நின்றது. எழவில்லை.

மழைச் சத்தம் மட்டும்தான். என் காலருகே யாரோ நிற்பது தெரிந்தது. அண்ணி எப்போது வந்தாளோ தெரியாது.

"எழுந்திரி" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை 'வாங்க, போங்க' என்று பேசியவள்.

"கை மாட்டிருக்கு அண்ணி."

அவள் என்னைத் தாண்டி உள்ளே குனிந்தாள். பெடலின்மேல் உள்ளங்கையை வைத்தாள். எரிந்து விழாமல், கெஞ்சாமல், வீட்டில் பேசுவது போல மெதுவாகச் சொன்னாள்.

"விடுங்க. நான் கேட்டுட்டேன்."

பெடல் மேலே எழுந்தது.

கையை உருவிக்கொண்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. அவள் அழுதிருந்தால் தேவலை.

"செத்தன்னிக்குப் போட்டிருந்த சட்டையைத் துவைக்காம வச்சிருக்கேன், தெரியுமா உனக்கு? அழுகை வரும்போதெல்லாம் அதை எடுத்து மோந்து பாப்பேன். குடிகாரனுக்கு எதுக்குடி அழறேன்னு என்னையே திட்டிக்குவேன். ஒன்பது வருஷம் அவருக்காக ஒரு நாள்கூட முழுசா அழல நான்."

"அண்ணி, நான் சாப்பாட்டுக் கடையில உக்காந்திருந்தேன். அவர் எடுத்துட்டுப் போனது எனக்குத் தெரியாது. திரும்பி வந்தப்ப வண்டி இல்ல..."

"வாயை மூடு. போய் முறுக்கு. நான் பாக்கறேன்."

வலது கையால் முறுக்கினேன். அவள் டார்ச் பிடித்தாள். பின்னைச் செருகி வளைத்தேன். தண்டை மாட்டினேன், ஸ்பிரிங்கை மாட்டினேன். நட்டு அசையவில்லை. பழக்கதோஷத்தில் பெயிண்ட் டப்பாவுக்குக் கை போனது.

"உன் புள்ளியை நாய்கூட நம்பாது" என்றாள்.

அன்று மாலையே பாப்பா வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பரணிலிருந்த படத்தை எடுத்துத் துடைத்து மறுபடி சுவரில் மாட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் பெயிண்ட் டப்பாவைச் சாக்கடையில் வீசினேன். வண்டி போயிற்று, சனியனும் அதோடு போயிற்று என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பட்டறையைத் திறந்தபோது உள்ளே ஸ்பிரிட் வாசனை. முந்தின நாள் சக்கரம் கழற்றிய அந்தக் காரை மாலையில்தான், வலது கையால் மட்டும், முடித்திருந்தேன். அதன் ஐந்து நட்டுகளில் நான்கில் மஞ்சள் புள்ளி இருந்தது.

ஐந்தாவதில் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தேன். அரைச் சுற்று லூஸ்.

அன்றிலிருந்து இப்படித்தான். பட்டறையில் பெயிண்ட் கிடையாது, பிரஷ் கிடையாது. ஆனால் நான் ஒழுங்காக முடித்த வேலையில் விடிந்தால் புள்ளி இருக்கும். புள்ளி இல்லை என்றால் ஏதோ விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். தேடினால் அகப்படும். மனிதன் செத்தும் மேஸ்திரி வேலையை விடவில்லை. எனக்கு அவன்மேல் இன்னும் கோபம் வருகிறது. ஆனால் புள்ளி விழாத எந்த வண்டியையும் நான் வெளியே விடுவதில்லை.

போன வாரம் பாப்பா பிக்கப்பைக் கொண்டு வந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அன்றுதான்.

"பெடல் நல்லா இருக்கு. சும்மா ஒரு தடவை பாத்துக் குடுங்க சித்தப்பா."

அந்த ஒரு 'சித்தப்பா'வுக்காக உயிரைக் கொடுத்துப் பார்த்தேன். புஷ்ஷில் ஆட்டமில்லை. பின் வளைந்து இருக்கிறது. நட்டு மலை மாதிரி நிற்கிறது. மறுநாள் காலை பட்டறையிலிருந்த மற்ற இரண்டு வண்டிகளிலும் புள்ளி விழுந்திருந்தது. பிக்கப்பில் இல்லை.

மறுபடி கழற்றி மாட்டினேன். இரண்டாம் நாளும் இல்லை. நான்கு சக்கரம், ஸ்டியரிங், எஞ்சின் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். மூன்றாம் நாளும் இல்லை. ஒரு குறையும் இல்லாத வண்டி.

இன்று காலை பாப்பா வந்து வாசலில் நிற்கிறாள். அம்மாவிடமிருந்து எல்லாவற்றையும், வாடிக்கையாளர்களிடமிருந்து இந்தப் புள்ளிக் கதையையும் கேட்டு வைத்திருக்கிறாள் போல. நேராக வண்டிக்குள் குனிந்து அந்த நட்டைத்தான் பார்த்தாள்.

"இன்னும் புள்ளி விழல. என்ன விட்டுட்டீங்க சித்தப்பா?"

வண்டியில் ஒன்றும் விடவில்லை. சொன்னதில்தான் விட்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக் கடையில் நான் உட்கார்ந்திருந்தது ஜன்னலோரம். பட்டறை வாசல் அங்கிருந்து நேராகத் தெரியும். அவன் குனிந்து புள்ளியைப் பார்த்ததைப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். என் வாயில் சோறு இருந்தது, மனதில் காலையில் வாங்கிய திட்டு இருந்தது. போகட்டும், பாதி வழியில் பெடல் கழன்று நடுரோட்டில் நின்று அலையட்டும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கவளத்தை எடுத்தேன்.

"சித்தப்பா?"

வண்டிக்குள் யாரும் இல்லை. கதவு திறந்திருக்கிறது. ஸ்பிரிட் வாசனை அடிக்கிறது, அவளும் மூக்கைச் சுளிக்கிறாள்.

"உக்காரும்மா" என்றேன். "ஒண்ணு சொல்லணும்."

அவள் உட்காரவில்லை. எனக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

டக்.

டக். டக்.

காத்திருக்க அவனுக்கு எப்போதுமே தெரியாது.